பழைய தையல்ல உக்காந்த உசுரு

எம் மாமியா கையக் கடிச்சேன். சும்மா பல்லு பட்ட மாதிரி இல்ல, கட்ட வெரலுக்குக் கீழ சதை இருக்குதே, அத ரத்தம் வர்ற வரைக்கும் கடிச்சேன். "அய்யய்யோ, வுடுறீ"னு கத்தினா. வுடல. இத்தன வருசம் கழிச்சி எழுதறாளே, வருத்தப்பட்டு எழுதறாபோலனு யாரும் நெனைக்காதீங்க. இன்னிக்கி அதே மாதிரி என்னப் புடிச்சி அமுக்கினாலும் கடிப்பேன்.

எங்க வூடு அடி அண்ணாமலையில. வீட்டுக்காரரு டவுனுக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் வேன் ஓட்டினு இருந்தாரு. நான் முன் ரூம்ல மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பேன். மாமனாரு நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டாரு, மாமியா எங்களோடதான் இருந்தா. எம் பெரிய பொண்ணு ஆபரேசன்ல பொறந்தவ. அதுக்கப்பறம் அவ பள்ளிக்கூடம் போற வயசு வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தங்கல. வீதியில போறவ வர்றவ எல்லாம் "இன்னா, ஒண்ணோட நிறுத்திட்டியா"னு கேப்பா. நான் ஏதாவது நறுக்குனு சொல்லிடுவேன். எம் மாமியாவுக்கு அப்பிடி சொல்ல வாய் வராது, தலையக் குனிஞ்சினு உள்ள போய்டுவா. அதனாலதான் வேண்டிக்கிட்டா.

எங்க ஊர்க்காரங்களுக்கு சொல்லத் தேவல, மத்தவங்களுக்காக சொல்றேன். புள்ள வேணும்னா அண்ணாமலையாருக்கு வேண்டிக்குவாங்க. பொறந்ததும், தீபத் திருவிழாவுல கரும்புல தொட்டில் கட்டி, பொடவையத் தூளியாட்டம் தொங்கவுட்டு, புள்ளய அதுல போட்டு, புருசன் முன்னாடி பொண்டாட்டி பின்னாடி தோள்ல தூக்கினு மாட வீதி சுத்தி வருவாங்க. எம் மாமியா அந்த வேண்டுதல சன்னதியில நின்னு, பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி சத்தமாவே வேண்டிக்கிட்டா. வேண்டி ரெண்டு தீபம் போறதுக்குள்ள எனக்கு நாள் தள்ளிப் போச்சி.

அந்தக் கொஞ்ச நாள் எம் மாமியா என்னத் தாங்கு தாங்குனு தாங்கினா. மெஷின் மிதிக்க வுடல. தண்ணிக் கொடம் தூக்க வுடல. எள்ளுருண்டைய கண்ணுல காட்ட மாட்டா. வாய்க்கு ருசியா புளிச்ச கீரை கடைஞ்சி போட்டா. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் சொகமாத்தான் இருந்துச்சி. எம் பொண்ண லீவுக்கு கீழ்பென்னாத்தூர்ல எங்கம்மா வூட்டுல வுட்டுட்டு நான் காலு நீட்டினு படுத்துனு இருந்தேன்.

அப்பறம் ஒரு நாள் பாவாடையில கறை பட்டுச்சி. வலி இல்ல, லேசா பட்டுச்சி அவ்ளோதான். வீட்டுக்காரரு பயந்து போயி டவுனுக்கு ஸ்கேன் எடுக்க இட்டுனு போனாரு. அந்த டாக்டரம்மா தனியா சின்ன ஆஸ்பத்திரி வெச்சினு இருந்தாங்க. மெட்ராஸ்ல வேல பாத்துட்டு வந்தவங்க. வாயத் தொறந்தா பட்டாசு. முன்ன ஒருத்தி கடையில தானா வாங்கி முழுங்கின மாத்திரை அட்டைய அவ மூஞ்சிலயே தூக்கி அடிச்சாங்கனு டவுனே பேசும். எனக்கு அவங்கள புடிச்சிருந்துச்சி, ஏன்னா நானும் அந்த ரகந்தான்.

வயித்து மேல வெச்சிப் பாத்தாங்க. மூஞ்சி மாறிடுச்சி. உள்ள வெக்கற ஸ்கேன எடுத்து வெச்சிப் பாத்தாங்க.

"இங்க பாரு," டி.வி. பெட்டி மாதிரி இருந்தத எம் பக்கம் திருப்பினாங்க. "இதான் கர்ப்பப்பை. புள்ள இருக்க வேண்டிய எடம். காலியா கெடக்குது பாரு. இதோ கீழ, முன்னாடி, மொதப் புள்ளைக்கு ஆபரேசன் பண்ணி தெச்சாங்களே, அந்தத் தழும்பு. அதுக்குள்ள போயி உக்காந்துனு வேர் வுட்டுனு இருக்குது."

பாத்தேன். கருப்பா ஒரு அவரக்கொட்டை. அதுக்குள்ள அரிசி நொய்யி மாதிரி ஒண்ணு. அது மினுக்கு மினுக்குனு மினுக்கிச்சி.

"அது இன்னா மேடம் மினுக்குது?"

"நெஞ்சு. துடிக்குது."

அய்யோ, அந்த நிமிசம் எனக்கு வந்த சந்தோசத்த எப்பிடி சொல்றது. அவங்க அடுத்த வார்த்தையிலேயே அதப் புடுங்கிப் போட்டாங்க.

"சந்தோசப்படாத. இது வளர வளர தையல் பிரியும். ஒடச்சினு வந்துச்சின்னா ரத்தம் கொட்டும், நீ ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள போய்டுவ. இதுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவுல வெங்காயத் தோலு மாதிரிதான் இருக்குது. மத்தவங்களுக்குக் கலைக்கற மாதிரி கண்ண மூடினு சுரண்டியும் எடுக்க முடியாது, சுரண்டினா அந்த எடமே கிழிஞ்சிடும். ஸ்கேன்ல பாத்துனே ஊசிய அதுக்குள்ள எறக்கணும். மருந்து போட்டு துடிப்ப நிறுத்தணும். அப்பறம் பாத்துனே உறிஞ்சி எடுக்கணும். அப்பதான் உன் கர்ப்பப்பையும் இருக்கும், நீயும் இருப்ப."

எங்க வீட்டுக்காரரு காதுல ஒண்ணே ஒண்ணுதான் வுழுந்திருக்குது. "மேடம், கீழ எறங்கி உக்காந்துனு இருக்குது, அவ்ளோதான? மேல ஏத்தி வுட முடியாதா?"

"அது இன்னா உங்க வேன்ல போற லோடா, ஏத்தி எறக்கறதுக்கு?"

எனக்குப் புரிஞ்சிடுச்சி. நான் ஜாக்கெட் தைக்கிறவ. ஒரு தரம் வெட்டித் தெச்ச துணிய இழுத்தா எங்க கிழியும், தையல் ஓரத்துலதான் கிழியும். நாளைக்கே வந்து ஊசி போட்டுக்கறேன்னு சொன்னேன். அவரு என் கையப் புடிச்சி இஸ்துனு, "வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றோம் மேடம்"னு சொல்லி வெளிய இட்டுனு வந்துட்டாரு. வேன்ல ஏறினதுல இருந்து வூடு வர்ற வரைக்கும் நான் திட்டினு வந்தேன். அவரு ரோட்டப் பாத்துனே ஓட்டினாரு.

வூட்டுல எம் மாமியா கேட்டுட்டு, நெஞ்சுல அடிச்சினா. "சாமி குடுத்தத ஊசி போட்டுக் கொல்றதா? எந்தக் கோயில்ல கேட்டு வாங்கினமோ அந்தக் கோயில் ஊர்லயேவா?" அப்பறம் கண்ணத் தொடச்சினு, கணக்குப் போட்டவ மாதிரி சொன்னா, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்ற கதையா இல்ல இருக்குது. கீழ எறங்கியிருக்குது, அவ்ளோதான? ஏத்தினா போச்சி."

எங்க பக்கத்துல வயிறு ஏத்தறவனு ஒரு பொம்பள இருந்தா. மல்லாட்ட, அதான் வேர்க்கடல, மூட்ட தூக்கி, தண்ணி தூக்கி, அடிவயிறு எறங்கிப் போனவங்களுக்கு வெளக்கெண்ண தேச்சி கீழ இருந்து மேல அழுத்தி அழுத்தி ஏத்தி வுடுவா. வயித்துல புள்ள கோணலா கெடந்தாலும் தடவி நேராக்குவானு பேரு. பாதி ஊரு அவ கையில படுத்து எழுந்ததுதான். அதனால மாமியாவுக்கு இதுல சந்தேகமே இல்ல. எறங்கினத ஏத்தறது, அவ்ளோதான். அந்த எடம் தையல்னு நான் தொண்ட கிழிய கத்தினேன். "தையலு வெளிய இருக்குது, புள்ள உள்ள இருக்குது, உனுக்கு இன்னா தெரியும்"னுட்டா. வீட்டுக்காரரு, "அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்குது"னாரு. என் வயிறு, என் உசுரு, ஞாயம் மட்டும் அவங்க அம்மாவுது.

மறுநாள் காலையில அந்தப் பொம்பள வந்துட்டா. நான் எழுந்து வாசலுக்கு ஓடப் பாத்தேன். வீட்டுக்காரரு குறுக்க நின்னாரு. "கொஞ்ச நேரந்தான்மே, வலிக்காதாம்"னாரு. நான் அவர நெட்டித் தள்ளினேன். அவரு என்ன இடுப்போட சேத்துத் தூக்கி பாய்ல போட்டாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எம் மேல கை வெக்காத மனுசன். அன்னிக்கி எங்காலு ரெண்டயும் புடிச்சி அமுக்கினு உக்காந்தாரு. மாமியா தலமாட்டுல உக்காந்துனு தோளப் புடிச்சா. கத்தாதனு வாய்ல கைய வெச்சா. வயிறு ஏத்தறவ எண்ணெயத் தடவினு, ஆபரேசன் தழும்புக்குக் கீழ ரெண்டு கட்ட வெரலயும் குத்தி, மேல தள்ளினா.

மொத தரம் தள்ளினப்ப மூச்சு நின்னுச்சி. ரெண்டாந்தரம் கண்ணு இருட்டிச்சி. "மேல ஏற மாட்டேங்குது, கெட்டியா புடிச்சினு இருக்குது"னு சொல்லினே மூணாவது தரம் உடம்பு பாரத்தையே எறக்கினா. உள்ள ஏதோ சுருக்குனு அறுந்துச்சி. அப்பத்தான் வாய்ல இருந்த கையக் கடிச்சேன்.

மாமியா கத்தினா, நான் கத்தினேன். எந்தொடையில சூடா ஓடிச்சி. பாயி நனைஞ்சி தரைக்கு வந்துச்சி. வயிறு ஏத்தறவ எண்ணெய்க் கைய முந்தானையில தொடச்சினு எழுந்தா, எண்ணெய்க் கிண்ணத்தக்கூட எடுக்கல, போய்ட்டா. வீட்டுக்காரரு எங்கால வுட்டுட்டு அந்த ரத்தத்தையே பாத்துனு பேயறஞ்ச மாதிரி உக்காந்துனு இருந்தாரு. அவரு நெஞ்சுலயே ஒரு ஒத வுட்டேன். சொவுத்துல போயி மோதினாரு.

"வண்டிய எடுறா!"

அவர டா போட்டது அதான் மொத தரம். எடுத்தாரு.

அன்னிக்கி பௌர்ணமி வேற. மலை சுத்தற ஜனம் காலையிலேயே ரோட்ட அடைச்சினு போவுது. ஆரன் அடிச்சா ஒருத்தனும் திரும்பல, அரோகரானு போய்னே இருக்கான். நான் பின் சீட்டுல படுத்துனு, பொடவைய சுருட்டி காலுக்கு நடுவுல அழுத்தினு, இருக்கற கெட்ட வார்த்த எல்லாம் சொல்லினு வந்தேன். மாமியா கையில துணி சுத்தினு என் தலைய மடியில வெச்சினு இருந்தா. தலைய எடுக்கப் பாத்தேன், தெம்பு இல்ல. ஒரு போலீஸ்காரரு லத்தியால வேன் மூஞ்சில ஓங்கி அடிச்சி, "எவன்டா இன்னிக்கி இந்த ரோட்ல வண்டிய வுட்டவன்?"னாரு. நான் எக்கி எழுந்து, நனைஞ்ச பொடவைத் தலப்ப கண்ணாடியில அறஞ்சேன். கண்ணாடி பூரா செவப்பாச்சி. அந்த மனுசன் அதப் பாத்துட்டு, அடிச்ச அதே லத்திய தூக்கினு வண்டிக்கு முன்னாடி ஓடினாரு. வழி வுடாதவன் முதுகுல எல்லாம் ரெண்டு போட்டு, டவுன் வரைக்கும் ஓடினாரு. அவரு யாருனே எனக்குத் தெரியாது, நல்லா இருக்கட்டும்.

டாக்டரம்மா என்னப் பாத்ததும் கட்டில்ல படுக்க வெச்சாங்க. வயித்து மேல எண்ணெ பளபளனு இருந்தத ஒரு வெரலால தொட்டு மோந்து பாத்தாங்க. திரும்பி எங்க வீட்டுக்காரர பாத்து, "படிச்சவன்தானடா நீ? நேத்து எங்கிட்ட தமிழ்லதான கேட்ட, தமிழ்லதான சொன்னேன்?"னு கத்தினாங்க. கத்தினே என் கையில ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. அவர பெரியாஸ்பத்திரிக்கு ரத்தம் வாங்கியாற தொரத்தினாங்க. அவரு ரத்தம் குடுத்து, ரத்தம் வாங்கினு ஓடியாந்தாரு.

ஸ்கேன் வெச்சிப் பாத்தாங்க. தையல் எடத்துல ஒரு ஓரம் பேந்துனு ரத்தம் கட்டினு இருந்துச்சி. முழுசா கிழியல. அந்த அரிசி நொய்யி இன்னும் மினுக்கினு இருந்துச்சி. அவ்ளோ அழுத்தியும், அவ்ளோ ரத்தம் போயும், அது பாட்டுக்கு மினுக்கினு இருந்துச்சி.

"இப்பவே எடுக்கணும். பாத்துப் பாத்து எடுத்தா கர்ப்பப்பைய காப்பாத்தலாம். நேரம் போச்சின்னா வயித்தக் கிழிச்சி பையையே எடுக்கணும். அதுக்கும் நேரம் போச்சின்னா எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

மாமியா கதவாண்டயே நின்னுனு இருந்தா. துடிக்குதுன்றது அவ காதுல வுழுந்துடுச்சி. ஓடியாந்து டாக்டரம்மா காலப் புடிச்சினா. "துடிக்குதாமேம்மா! இவ்ளோ ஆயியும் துடிக்குதுன்னா அது சாமி புள்ளம்மா! வேண்டி வாங்கினதும்மா!"

"சுவர் இருந்தாத்தான்மா சித்திரம்! மொதல்ல கால வுடுங்க!"

வுடல. வீட்டுக்காரரும் ரத்தப் பையக் கையில வெச்சினு, "ஒரு நாள் பாக்கலாமா மேடம்"னாரு. ஒரு நாளாம். நான் கட்டில்ல இருந்து கைய நீட்டி "இங்க வாங்க"னு கூப்ட்டேன். குனிஞ்சாரு. பளார்னு ஒண்ணு வுட்டேன். ட்ரிப்ஸ் ஊசி கழண்டு ரத்தம் தெறிச்சிச்சி.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்குது. அவளுக்கு யாரு தல பின்னுவாங்க, உங்கம்மாவா?"

அவரு கன்னத்தப் புடிச்சினு அழுதாரு. நான் டாக்டரம்மாவ பாத்து, "போடுங்க"னேன்.

கதவ சாத்தினாங்க. மாமியா வெளிய கதவ தட்டினே இருந்தா. வலி மரத்துப் போறதுக்கு ஊசி போட்டாங்க, ஆனா முழுசா மயக்கல. நர்ஸ் ஸ்கேன் பொட்டிய அந்தப் பக்கம் திருப்பினாங்க. "எனக்குத் தெரியணும்"னேன். "வேணாம்மா"னாங்க. "அது என்னுது அக்கா, நான் பாக்காம யாரு பாக்கறது"னேன். டாக்டரம்மா தலைய ஆட்ட, திருப்பி வெச்சாங்க.

ஸ்கேனோட சேந்தே ஊசி உள்ள போச்சி. பொட்டியில வெள்ளக் கோடு ஒண்ணு மெதுவா வந்துச்சி. டாக்டரம்மா ஊசியப் பாக்கல, என்னப் பாக்கல, பொட்டியவே பாத்துனு கைய எறக்கினாங்க. கோடு கொஞ்சம் தள்ளிப் போச்சி. நின்னாங்க, திருப்பினாங்க, மறுபடியும் எறக்கினாங்க. அந்தக் கருப்புக்கு வெளிய ஒரு நிமிசம் நின்னுச்சி. அப்பறம் உள்ள குத்திச்சி. எங்காலு தானா ஒதறிச்சி. நர்ஸ் அழுத்திப் புடிச்சினாங்க.

"மருந்து."

மினுக்கிச்சி. மினுக்கிச்சி. மெதுவா ஆச்சி. ஒண்ணு விட்டு ஒண்ணு. அப்பறம் இல்ல.

எனக்கு அது மேல கோவமே இல்லீங்க. ஊர்ல இருக்கற எல்லார் மேலயும் இருந்துச்சி, அது மேல இல்ல. அது இன்னா பண்ணும் பாவம்? எடம் தெரியாம உக்காந்துடுச்சி. புடிச்ச எடத்த கெட்டியா புடிச்சினு இருந்துச்சி, என்ன மாதிரியே. கொன்னது நான்தான், போடச் சொன்னது நான்தான், மறுபடியும் கேட்டாலும் போடச் சொல்லுவேன். ஆனா அழுதேன். கூரை இடியற மாதிரி அழுதேன்.

பாத்துனே உறிஞ்சி எடுத்தாங்க. எடுத்ததும் மறுபடியும் ரத்தம் பிச்சினு வந்துச்சி. டாக்டரம்மா குரலு முதல் தரமா ஒடுங்கிச்சி. "பலூன் குடு"னாங்க. ரப்பர் குழாய் ஒண்ண உள்ள வுட்டு, நுனியில இருக்கற பலூன்ல தண்ணி ஏத்தினாங்க. பொட்டியில கருப்பா உருண்டையா அது பெருசாயினே வந்து, புள்ள இருந்த அதே எடத்துல உக்காந்து தையல அழுத்திச்சி. "இன்னும் கொஞ்சம். இன்னும். போதும்." எல்லாரும் காத்துனு இருந்தோம். ரத்தம் கம்மியாச்சி. அப்பறம் நின்னுச்சி. டாக்டரம்மா கழுத்துல இருந்த வேர்வைய தோள்ல தொடச்சினு, "பொழச்சிட்டடி"னாங்க.

மறுநாள் பலூன எடுத்துட்டாங்க. வீட்டுக்காரரு எங்காலாண்ட உக்காந்துனு, கேக்காமயே பழம் உரிச்சி உரிச்சி வெச்சாரு. நான் தொடல. பாக்க வந்தவங்க எல்லாரும் ஒரே பேச்சு. உசுரு பொழச்சதே பெருசு, வயசு இருக்குது, இன்னொண்ணு பெத்துக்கலாம், மறந்துடு. எங்கம்மா கூட அதான் சொன்னா. இருந்த ஒண்ணப் பத்தி ஒருத்தர் வாயத் தொறக்கல.

மத்தியானத்துல எல்லாரும் போனப்பறம் மாமியா வந்தா. கஞ்சி கொண்டாந்தா. நான் மூஞ்சிய சொவுத்துப் பக்கம் திருப்பினேன். போய்டுவானு பாத்தேன், கட்டில் ஓரத்துல உக்காந்துனா. கஞ்சியக் கீழ வெச்சிட்டு கேட்டா.

"நீ பாத்தியாமே. எப்பிடிடி துடிச்சிச்சி?"

ஊரே மறக்கச் சொல்லுது, என்னக் கொல்லப் பாத்தவ வந்து கேக்கறா. பதில் சொல்லக் கூடாதுனுதான் நெனச்சேன். கையி கேக்கல. கட்டில் கம்பியில ஒத்த வெரலால தட்டிக் காட்டினேன். டக் டக் டக் டக்னு, நான் பாத்த அதே வேகத்துல.

"அவ்ளோ வேகமாவாடி?"

"ஆமா."

தட்டினேன். அவ அந்த வெரலையே பாத்துனு இருந்தா. அவ மூஞ்சி கோணிச்சி. "போதும்டி"னா. அவளுக்கு வலிக்கட்டும்னுதான் தட்டினேன், எனக்கும் வலிச்சிச்சி, இருந்தும் தட்டினேன். "போதும்டி, நிறுத்துடி கண்ணு"னு எங்கையப் புடிச்சினு அழுதா. அவ கைக்குள்ளயும் தட்டினே இருந்தேன். ஒரு தரம் நிறுத்தியாச்சி, இன்னொரு தரம் என்னால நிறுத்த முடியல.